ஓணானுக்குப் போர்த்திய பொன்னாடை

என் தொழில் சூடு. ஆரா நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அடுக்குமாடிகளின் நிலவறைகளுக்குள் இறங்கி, ஹைசுங் என்று நாங்கள் எல்லோரும் சொல்லும் வெப்பமூட்டும் இயந்திரங்களைப் பராமரிக்கிறேன், திருத்துகிறேன். குளிர்காலம் தொடங்கினால் என் தொலைபேசி ஓயாது. வீடு குளிர்கிறது, உடனே வா என்பார்கள். போய்ப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இயந்திரத்தில் ஒரு குறையும் இருக்காது. யன்னலுக்கு அழகான திரைச்சீலை வாங்கி, அதை நிலம்வரை தொங்கவிட்டு, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரையும், சூட்டைப் பார்த்து அதைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மூடியிருப்பார்கள். திரைக்குப் பின்னால் சூடு அடைபடும். தெர்மோஸ்டாட் வீடு முழுவதும் சூடாகிவிட்டது என்று நினைத்து அடைத்துக்கொள்ளும்.

அப்போது நான் ஒரு பிரசங்கம் செய்வேன். இந்தச் சாமானுக்கு உங்கள் அறையைத் தெரியாது, தன்னைச் சுற்றியிருக்கும் காற்றை மட்டும்தான் தெரியும், அதை மூடாதீர்கள், இடம் மாற்றாதீர்கள் என்று என் உடைந்த ஜெர்மனில் விரல் நீட்டிச் சொல்வேன். பேராசிரியர்களுக்கும் வங்கி அதிகாரிகளுக்கும் சொல்லியிருக்கிறேன். அகதியாக வந்து பாத்திரம் கழுவியவன் அவர்களுக்குப் பாடம் எடுப்பதில் எனக்கு ஒரு ரகசியமான இன்பம் இருந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்த ரகம் நான்.

எங்கள் இளைய மகள் எட்டாம் வகுப்புக்குப் போன வருடம் ஓணான் வீட்டுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்து இனம். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், மணல் நிறம், கோபம் வந்தால் கழுத்தடியைத் தாடிபோல ஊதிக் கறுப்பாக்கும். அவளுடைய தோழியின் குடும்பம் வேறு நாட்டுக்குப் போனதால் அதை வைத்திருக்க ஆள் தேடினார்கள். நான் முடியாது என்றேன். மகள் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. ஓணானுக்கு என்னென்ன வேண்டும், அதில் எதை யார் எப்போது செய்வது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். எல்லா வரிசையிலும் அவளுடைய பெயரே இருந்தது. எனக்கு மறுக்க வழி தெரியவில்லை.

மனைவிக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. “வேலியில போன ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ள விடுறியள். பிறகு குத்துது குடையுது எண்டு என்னட்டை வரக்கூடாது” என்றாள். அதற்குத் தீனியாகக் கரப்பான் பூச்சிகளைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள், அதையும் நாங்கள் வாங்கி வைக்க வேண்டும் என்று அறிந்த அன்று அவள் என்னோடு கதைக்கவே இல்லை. கரப்பானை விரட்ட மருந்து அடித்த குடும்பம், கரப்பானுக்குக் கரட் வெட்டிப் போட்டது.

கூடு என் கையால் செய்தது. மரப்பலகை, முன்பக்கம் இழுத்துத் திறக்கும் கண்ணாடி, மேலே காற்றுப் போக வலை. இந்த நாட்டில் ஓணானுக்கும் வீட்டின் அளவு சட்டத்தில் இருக்கிறது. நான் வந்த புதிதில் ஆறு பேராக ஓர் அறையில் கிடந்தோம், எங்களை ஒருவரும் அளவுநாடா கொண்டு அளக்கவில்லை என்று பகிடி விட்டேன். மகள் சிரிக்காமல், கூடு இன்னும் இருபது சென்ரிமீற்றர் நீளமாக வேண்டும் என்றாள். அவளுடைய அறையில் அந்த நீளத்துக்கு இடமில்லை. வரவேற்பறையில், யன்னலுக்குப் பக்கத்துச் சுவரோரமாக வைத்தோம்.

சூடு விஷயத்தில் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பேன் என்று நினைத்திருந்தேன். அவள்தான் எனக்குச் சொல்லித்தந்தாள். கூடு முழுவதையும் ஒரே அளவாக முப்பது பாகையில் வைத்தால் போயிற்று என்று நான் சொன்னபோது, அப்படி வைத்தால் அது செத்துப்போகும் என்றாள். ஒரு மூலையில் விளக்கின் கீழே கல் நாற்பது பாகைக்குக் காய வேண்டும். மறு மூலை இருபத்தைந்தைத் தாண்டக்கூடாது. அதன் உடம்புக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. காலையில் கல்லில் ஏறிச் சூட்டை எடுக்கும், போதுமானதும் இறங்கி மற்றப் பக்கம் போகும். “சூடு மட்டும் காணாது அப்பா. சூட்டை விட்டுப் போறதுக்கும் அதுக்கு ஒரு இடம் வேணும்” என்றாள். இத்தனை வருடத்தில் எந்த முதலாளியும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

வெப்ப விளக்கை ஒரு தெர்மோஸ்டாட்டோடு இணைத்தோம். அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று மேல் வலை வழியாக உள்ளே இறங்கும். வயரின் நுனியில் உளுந்தளவு உணரி. அதுதான் சூட்டைப் பார்த்து விளக்கைக் கூட்டவும் குறைக்கவும் சொல்லும். அந்த நுனியை எங்கே ஒட்டுவது என்று மகள் ஒரு வாரம் இடம் மாற்றி மாற்றி அளந்தாள். காலையும் மாலையும் உள்ளே இருக்கும் சின்ன வெப்பமானியைப் பார்த்துக் கொப்பியில் எழுதினாள். விலங்கு வைத்தியரின் உதவியாளராகத் தொழிற்பயிற்சி எடுப்பதென்று அவள் தீர்மானித்தது அப்போதுதான். இங்கே பதினான்கு வயதில் பிள்ளைகள் தொழில் தேடத் தொடங்குகிறார்கள். சில நாட்கள் ஓர் இடத்தில் நின்று வேலையைப் பார்ப்பார்கள், பிடித்தால் அங்கேயே பயிற்சிக்கு இடம் கேட்பார்கள். எங்கள் பகுதியில் ஊர்வனவற்றைப் பார்க்கும் பெண் வைத்தியர் ஒருவர் இருந்தார். அவருடைய சிகிச்சையகம் இருந்த கட்டடத்து ஹைசுங் என் பொறுப்பில் இருந்தது. மகள் அவருக்கு விண்ணப்பம் எழுதினாள். வேறு எங்கும் எழுதவில்லை.

அந்த மாசி மாதத்தில் மூத்த மகளைப் பார்க்க பாசலில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடாயிற்று. பையனும் பிள்ளையும் ஏற்கெனவே கதைத்து முடிவெடுத்துவிட்டார்கள். ஆனாலும் பெற்றோர் வந்து வீட்டைப் பார்த்து, ஒரு நேரம் சாப்பிட்டுப் போனால்தான் சம்பந்தம். எனக்கு ஒரே கவலை ஓணான்தான். சில வாரங்களுக்கு முன் வந்த உறவுக்காரர் ஒருவர் கூட்டைப் பார்த்துவிட்டு, சைவ வீட்டில் ஓணானும் கரப்பானுமா என்று கேட்டிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் மூன்று பேர் என்னிடம் ஓணான் சுகமாக இருக்கிறதா என்று விசாரித்தார்கள். நான் சிரித்துச் சமாளித்தேன், உள்ளே கூசிப்போனேன். மாப்பிள்ளையின் தாய் ஆசாரம் பார்க்கிறவர் என்று வேறு சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை இளையவள் தமிழ்ப் பள்ளிக்குப் புறப்படும்போது, கூட்டை அசைக்க வேண்டாம், விளக்கை நிற்பாட்ட வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பதினொரு மணிக்கு அவர்கள் வருவதாக இருந்தது. பத்தே முக்காலுக்கு நான் அலுமாரியைத் திறந்து பொன்னாடையை எடுத்தேன். கோயில் வேலைகளுக்காக எனக்குப் போர்த்திய பொன்னாடை, சிவப்புப் பட்டு, சரிகைக் கரை. அதை விரித்துக் கூட்டின் மேலும் முன்னும் தொங்கவிட்டேன். அளவெடுத்ததுபோல் இருந்தது. மேலே வயர் மட்டும் துருத்திக்கொண்டு துணியை மேடாக்கியது. அதை வலையிலிருந்து உருவி, பின்பக்கம் யன்னலடியில் தொங்கவிட்டேன். பலகாரம் பொரித்த மணம் போவதற்காக அந்த யன்னலைச் சாய்த்துத் திறந்திருந்தாள் மனைவி. துணியின் மேல் பலகாரத் தட்டை வைத்தேன். விளக்கை நிற்பாட்டவில்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதாகவே நினைத்தேன்.

ஹைசுங் தெரியாத ஒருவன் இதைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். உணரி மாசி மாதத்துக் குளிர்காற்றில் தொங்கிற்று. அதற்குத் தெரிந்ததெல்லாம் குளிர். சூடு காணாது, இன்னும் கூட்டு என்று விளக்குக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. மேலே காற்றுப் போகும் வழியையும் நான் அடைத்திருந்தேன். அந்நிய வீடுகளில் விரல் நீட்டிச் சொல்லும் அதே பிழையை என் வீட்டில், என் கையால், பட்டுத் துணியால் செய்தேன். அந்த நேரத்தில் என் தலைக்குள் தொழில் இருக்கவில்லை, சம்பந்தி இருந்தார்.

அவர்கள் வந்தார்கள். நல்ல மனிதர்கள். மாப்பிள்ளையின் தாய் கதிரையில் இருந்தபடியே கூட்டைப் பார்த்தார். பட்டுக்குள்ளிருந்து சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது.

“உதுக்குள்ள சாமியோ அண்ணை?” என்று கேட்டார்.

நான் “ஓம்” என்றேன்.

அவர் எழுந்து, செருப்பில்லாத காலோடு இரண்டடி முன்னால் வந்து, கண்ணை மூடிக் கும்பிட்டார். மனைவி குசினி வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. கும்பிட்டு முடித்தவர் திரையை விலக்கச் சொல்லிக் கேட்டுவிடுவாரோ என்ற பயம் மட்டும்தான் அப்போது இருந்தது. நல்ல காலம், தட்டை எடுத்து முறுக்கு நீட்டிவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்தேன், பேச்சு மாறியது.

சாப்பாடு நீண்டது. ஒன்றேமுக்காலுக்கு இளையவள் பள்ளியால் வந்தாள். எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். அவளுடைய கண் துணிக்குப் போனது, துணியிலிருந்து என்னிடம் வந்தது. நான் மெல்லத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் குசினிக்குள் போனாள். நான் தண்ணீர் எடுக்கும் சாட்டில் பின்னால் போனேன்.

“எத்தினை மணிக்கு மூடினனீங்கள்? நான் ஒருக்கா சூட்டைப் பாக்கவேணும் அப்பா.”

“ஒண்டும் ஆகாது பிள்ளை. அவை போகட்டும்.”

“ஒரு நிமிஷம்தான். கையை மட்டும் உள்ளுக்கு விட்டுப் பாக்கிறன்.”

“மானத்தை வாங்காதை. போய்த் தேத்தண்ணியைக் குடு.”

அவள் தேநீர் கொடுத்தாள். ஒவ்வொரு கோப்பையாக, தட்டு ஆடாமல் கொடுத்தாள். பிறகு கூட்டுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஏதோ கீறும் சத்தம் கேட்டதாகப் பிறகு மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். என் காதில் அது விழவில்லை. சம்பந்தி திருமண மண்டபம் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். இன்னும் அரை மணி நேரம் இருந்துவிட்டுத்தான் அவர்கள் எழுந்தார்கள்.

கதவு சாத்தியதும் அவள் துணியை இழுத்தாள். தட்டு கவிழ்ந்து பலகாரம் எல்லாம் நிலத்தில் சிதறியது. கண்ணாடியைத் திறந்தபோது அடுப்படிபோல அனல் முகத்தில் அடித்தது. சின்ன வெப்பமானி சூடான பக்கத்தில் ஐம்பத்து மூன்று காட்டியது. குளிர்ந்த பக்கம் என்று ஒன்று இருக்கவில்லை. ஓணான் தூர மூலையில், மணலைத் தோண்டித் தோண்டி மூக்கை அதற்குள் புதைத்துக் கிடந்தது. வாய் திறந்தபடி இருந்தது. அவள் அதைத் தூக்கினாள். ஈரத்துணிபோலத் தொங்கியது. நான் குளிர்ந்த தண்ணீரோடு ஓடிவந்தேன். அதை ஊற்றினால் செத்துப்போகும் என்று என் கையைத் தள்ளிவிட்டு, இளஞ்சூட்டு நீரில் தன் கழுத்துத் துணியை நனைத்து அதன் காலைத் துடைத்தாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பெண் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தோம். விடுமுறை நாளென்றாலும் வந்து கதவைத் திறந்தார். மேசையில் வைத்து ஊசி போட்டார், நாடி பார்த்தார், அதன் கண்ணுக்குள் விளக்கடித்தார். என்னைக் கண்டதும் அவருக்கு ஆச்சரியம். “நீங்களா? எங்கள் ஹைசுங்காரர் வீட்டிலேயே இப்படியா?” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். பிறகு சீரியஸாக, எப்படி நடந்தது, உணரி எங்கே இருந்தது என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். ஜெர்மன் வரவில்லை என்று சொல்வது பொய். எல்லாச் சொல்லும் எனக்குத் தெரியும், அது என் தொழிலின் மொழி. சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

மகள் சொன்னாள், காலையில் துடைப்பதற்காக உணரியைத் தான் வெளியே எடுத்ததாகவும், திருப்பி வைக்க மறந்துபோய்விட்டதாகவும். வைத்தியர் அவள் பக்கம் திரும்பினார். இது சின்ன மறதி இல்லை என்றார். அவள் தலையைக் குனிந்து ஆம் என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்குள் ஒரு பாரம் இறங்கியதுபோல நிம்மதி வந்தது. என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படுவது அந்த நிம்மதிக்குத்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

“அவவுக்கு உங்களைத் தெரியும்தானே அப்பா. நீங்கள் எண்டு சொன்னா, பிறகு அந்தக் கட்டடத்துக்குள்ள நீங்கள் எப்பிடிப் போவியள்?” என்றாள்.

வெளியாட்களுக்கு முன்னால் ஒன்றை மூடிவைக்கும் பழக்கத்தை அவள் வேறெங்கும் படிக்கவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஓணான் பிழைத்தது. நாலு நாள் சிகிச்சையகத்தில் இருந்துவிட்டு வந்தது. பின்னங்கால் ஒன்று மட்டும் சரியாகவில்லை, இழுத்து இழுத்துத்தான் கல்லில் ஏறும். கலியாணமும் பொருந்தி நாள் வைத்தாயிற்று. மாப்பிள்ளையின் தாய் எங்கள் வீட்டுச் சாமியைப் பற்றி எல்லோரிடமும் சொல்கிறாராம். எல்லாம் ஒருவழியாகச் சரிக்கட்டிவிட்டது என்று நான் நினைக்கத் தொடங்கியபோது, பங்குனியில் மகளுக்குக் கடிதம் வந்தது.

வைத்தியர் மரியாதையாக எழுதியிருந்தார். மிருகங்கள்மேல் அவளுக்கு இருக்கும் அன்பைத் தான் கண்டதாகவும், ஆனால் இந்தத் தொழிலுக்கு அன்பைவிடக் கவனமும் நம்பகமும் முக்கியம் என்றும், இம்முறை அவளை எடுக்க முடியவில்லை என்றும். மகள் கடிதத்தை ஒருமுறை வாசித்து, மடித்து, தன் சூட்டுக் கொப்பிக்குள் வைத்தாள். பிறகு ஓணானுக்குக் கீரை கழுவப் போனாள். காலை மாலை ஒரு நாளும் தவறாமல் எழுதிய கொப்பி. அதைப் பார்த்தபோது இனி என்னால் சாப்பிட முடியாது என்று தோன்றியது.

அடுத்த நாள் மத்தியானம் வேலையை இடையில் விட்டுச் சிகிச்சையகத்துக்குப் போனேன். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாள். வைத்தியர் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் என்னை உள்ளே கூப்பிட்டார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விருந்தாளிகள் வந்தது, துணி போட்டது, வயரை நான் உருவியது, யன்னல் திறந்திருந்தது, அவள் பார்க்கக் கேட்டபோது நான் மறித்தது. மாப்பிள்ளையின் தாய் கும்பிட்டதைக்கூடச் சொன்னேன். எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய முகம் இளகிக்கொண்டு வந்தது. நம்புகிறார் என்று நினைத்தேன்.

“நீங்கள் இந்தத் தொழிலில் எத்தனை வருடம் இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். சொன்னேன்.

“எங்கள் சிகிச்சையகத்துத் திரைச்சீலையைக்கூட நீங்கள்தான் வெட்டச் சொன்னீர்கள். நீங்கள் இதைச் செய்யவே மாட்டீர்கள். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு விளங்குகிறது.”

நான் இல்லை, உண்மையில் நான்தான் என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். பதற்றத்தில் என் ஜெர்மன் கலைந்தது, வசனங்கள் பாதியில் நின்றன. நான் எவ்வளவுக்கு வற்புறுத்தினேனோ அவ்வளவுக்கு அவர் என்மேல் இரக்கப்பட்டார். அன்றைக்கு நான் பேசாமல் நின்றதை அவர் பார்த்திருந்தார். தன் பிழையாக இருந்தால் ஒரு தகப்பன் அப்போதே சொல்லியிருப்பான் என்றார். இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று என்றும், மகளை வேறெங்காவது எழுதச் சொல்லும்படியும் சொன்னார். வாசல்வரை வந்து என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

“நீங்கள் நல்ல தகப்பன்” என்றார்.

வீட்டுக்கு வந்து, போய்ச் சொல்லிவிட்டேன் என்று மகளிடம் சொன்னேன். அவள் கூட்டின் முன்னால் உட்கார்ந்து வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்பினவவோ?” என்று கேட்டாள்.

“இல்லை.”

அவள் கொப்பியைத் திறந்து அன்றைய பாகையை எழுதினாள். வேறு என்ன சொன்னவ என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.